பெட்டகத்தின் கீழ்த்தட்டு

புதிய ஹாட் டிஸ்க்கின் வெள்ளி உறையைக் கத்தரிக்கோலால் நேர்கோட்டில் வெட்டித் திறந்தேன். நீங்களாக இருந்தால் பல்லால் கிழித்திருப்பீர்கள். உள்ளிருந்து வந்த வாசம் என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டது. புது இரும்பும் புது பிளாஸ்டிக்கும் கலந்த, இன்னும் யாருடைய வீட்டுக்கும் சொந்தமாகாத வாசம். புதுக் கெமரா வாங்கி வரும் நாட்களில் பெட்டியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டுவீர்கள். "மணந்து பாருங்க. நாளைக்கு இந்த மணம் இராது" என்பீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இந்த முறை நீட்ட ஆளில்லாததால் நானே குனிந்து மணந்தேன்.

நம் வீட்டு மூலையில் இருக்கும் கறுப்புப் பெட்டியைக் கடைக்காரர் ஸ்டோரேஜ் சேர்வர் என்கிறார். நீங்கள் அதற்குப் பெட்டகம் என்று பேர் வைத்தீர்கள். மன்னாரில் விட்டுவந்த உங்கள் உம்மாவின் மரப் பெட்டகத்தை நீங்கள் கடைசிவரை மறக்கவில்லை. இந்தப் பெட்டகம் கதவு கழற்றிய அலுமாரிக்குள், களப்புக் காற்று நேரே படாத இடத்தில் இருக்கிறது. மேல்தட்டில் இரண்டு டிஸ்க், கீழ்த்தட்டில் இரண்டு. ஒவ்வொரு தட்டிலும் ஒன்றில் உள்ளது அப்படியே மற்றதிலும் இருக்கும். மேல்தட்டு ஆண்கள் பக்கம், கீழ்த்தட்டு பெண்கள் பக்கம். கல்யாணப் பந்தலில் திரைபோட்டுப் பிரித்ததைப் போலவே பெட்டிக்குள்ளும் பிரித்துவைத்தீர்கள்.

திரைக்கு அங்காலே நிக்காஹ் நடக்கும். அதை நீங்கள் எடுப்பீர்கள். இங்காலே மணப்பெண் இருப்பாள். அவளை நான் எடுப்பேன். பெண்கள் தலைச்சீலையை இறக்கிவிட்டுச் சிரிப்பதும், மாமிமார் மணப்பெண்ணுக்குப் பால்பழம் ஊட்டுவதும், கிழவிகள் ஆளுக்கொரு பக்கம் பாட்டை இழுப்பதும் அந்தப் பக்கத்தோடு நிற்கவேண்டியவை. வேறு ஆண் கண் அதில் படாது என்ற நம்பிக்கையில்தான் கற்பிட்டி முதல் தில்லையடி வரை நம்மைக் கூப்பிட்டார்கள். பெண் பக்கத்து வீடியோ வேண்டுமென்றால் இந்தக் கொன்வென்ட்காரிதான் வரவேண்டும் என்று பேர் எடுத்திருந்தேன். அந்தப் பேரில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

இரண்டு பக்கத்து விளக்குகளும் ஒரே வயரில் எரியும். ஆகவே தொடங்குமுன் வெளிச்சம் போதுமா என்று திரைக்கு அங்காலிருந்து நீங்கள் குரல் கொடுப்பீர்கள்.

"அங்கால லைட் காணுமா?"

எனக்குக் கெமராவை முன்கூட்டியே ஓடவிட்டுச் சரிபார்க்கும் பழக்கம். அதனால் நான் எடுத்த ஒவ்வொரு நாடாவும் உங்கள் குரலோடு தொடங்கியது. பெண்பக்கத்துப் படத்தில் ஆணின் சத்தம் எதற்கு என்று எத்தனையோ தடவை சொன்னேன். "சத்தத்துக்கு முகமில்லதானே" என்று சிரித்தீர்கள். மணவீட்டாருக்குக் கொடுக்கும் பிரதிகளில் அந்தத் தொடக்கத்தை நான் ஒவ்வொன்றாக வெட்டினேன். மூல நாடாவை மட்டும் வெட்ட நீங்கள் விடவில்லை.

அதன் காரணம் எனக்குத் தெரியும். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொல்லி நாம் மன்னாரை விட்டு வந்தபோது உங்கள் ஸ்டூடியோவின் நெகட்டிவ் எல்லாம் அலுமாரிகளோடு அங்கேயே நின்றுவிட்டன. இங்கே கரைத்தீவில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்தில் ஒரு பெண் வந்து, அண்ணனைக் கூப்பிடுவதுபோல உங்களைக் காக்கா என்று கூப்பிட்டு, எங்கட கல்யாணப் போட்டோட நெகட்டிவ் இருக்கா என்று கேட்டாள். அவளுடைய புருஷன் வரும் வழியில் மௌத்தாகியிருந்தார். இல்லை என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நீங்கள் அன்று சாப்பிடாமல் படுத்தீர்கள். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஒரு நாடாவில் நாலு கல்யாணம் மாற்றி மாற்றி எடுத்தார்கள். நீங்கள் ஒன்றையும் அழிக்கவில்லை. "இது அமானிதம். நம்பித் தந்தது, நம்மட சாமான் இல்ல" என்பீர்கள்.

பிற்காலத்தில், பூஞ்சை பிடித்து வீணாகத் தொடங்கிய நாடாக்களை டிஸ்க்குக்கு மாற்றியபோது, பெண்பக்கத்து நாடா ஓடும் நேரமெல்லாம் திரையின்மேல் துவாயைப் போட்டு மூடுவீர்கள். சத்தத்தையும் நிறுத்திவிடுவீர்கள். ஓடும் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பீர்கள். ஒருமுறை நாடா சிக்கிக்கொண்டது. நான் குளித்துவிட்டு வரும்வரை மெஷினைத் தொடாமல் அறைக்கு வெளியே நின்றீர்கள். கீழ்த்தட்டின் கடவுச்சொல்லை என்னையே வைக்கச் சொல்லி, நான் தட்டும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். உங்கள் சொந்த வீட்டில் உங்களுக்குத் திறக்கத் தெரியாத ஒரு பெட்டி இருந்தது.

நீங்கள் போனபின், புருஷனை இழந்தவளாக வெளியே இறங்காமல் இத்தாவில் இருந்த மாதங்களில் அந்தப் பெட்டகத்தைத்தான் படித்தேன். கீழ்த்தட்டு அநேகமாக நிறைந்திருந்தது. இப்போது பெண்கள் தாங்களே ஃபோனில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஃபோன் மகன்மார் கையிலும் புருஷன்மார் கையிலும் போகும் என்பதால், "மாமி, ஒங்கட பெட்டகத்தில வைங்க, எங்கட ஃபோனில அழிக்கிறம்" என்று கொண்டுவந்து தருகிறார்கள். புதுக்காலத்துப் படம் ஒன்று பழைய நாடா பத்தின் இடத்தை விழுங்குகிறது. பெரிய டிஸ்க்குக்கு மாறவேண்டும் என்று அப்போதே கணித்துவைத்தேன். அவசரமில்லை என்றும் நினைத்தேன்.

பிறகு ரிஸானா வந்தாள். நாம் இவ்விடம் வந்து முதலில் எடுத்த கல்யாணங்களில் ஒன்று அவளுடையது. இப்போது அவளுடைய மகளுக்கு நிக்காஹ் பேசியிருக்கிறது. வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்தாள்.

"மாமி, எங்கட உம்மா மௌத்தானது ஒங்களுக்குத் தெரியும்தானே. உம்மா நடந்து திரியிற படமெண்டு நீங்க பிறகு போட்டுத் தந்த என்ட கல்யாண சீடி ஒண்டுதான் இருந்திச்சு. உப்புக் காத்தில அது பூத்துப்போச்சு. மகள் அவட உம்மும்மாவக் கண்டதே இல்ல."

"உள்ள வாங்க புள்ள. பெட்டகத்தில இருக்கு."

இருக்கு என்று நான் சொன்னபோது கீழ்த்தட்டில் ஒரு விளக்கு செம்மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அன்று காலைதான் மாறியிருந்தது. ஒரு டிஸ்க் நோய்ப்பட்டுவிட்டது. மிஞ்சியது அதன் சோடி மட்டும், அதுவும் அதே வயது. அதுவும் நின்றால் ரிஸானாவின் உம்மா போவார். அவரோடு கீழ்த்தட்டில் இருக்கும் அத்தனை பெண்களும் போவார்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வேறு என்ன போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் ஆண்பக்கத்துப் படங்களுக்கு எப்போதும் பைத் என்னும் புகழ்ப்பாட்டின் இசை போட்டு மற்றச் சத்தத்தை எடுத்துவிடுவீர்கள். உங்கள் குரல் இந்த வீட்டில் கீழ்த்தட்டில் மட்டும்தான் இருக்கிறது.

தில்லையடிக் கடைக்காரரிடம் போனேன்.

"பெட்டிய வெச்சிட்டுப் போங்க ஆன்ட்டி. எல்லாத்தையும் பெரிய டிஸ்க்குக்கு ஏத்தி நாளைக்குத் தாரன்."

"தம்பி, அதுக்குள்ள பொம்புளைகள் இருக்காங்க."

அவர் என்னையும் என் கைப்பையையும் பார்த்தார். "பெட்டிக்குள்ளயா ஆன்ட்டி?"

"கல்யாணப் பொம்புளைகள். பெண்பக்கத்து வீடியோ."

அவருக்கு விளங்கியது. கையிலிருந்த திருப்புளியை மேசையில் வைத்தார். "அப்ப நான் தொட மாட்டன். என்ட பொண்சாதியும் அதிலதான் இருப்பா. ஒங்களுக்குச் சொல்லித் தாரன், நீங்களே செய்ங்க." கடையில் இருந்த வெற்றுப் பெட்டி ஒன்றில் தட்டை இழுக்கவும் டிஸ்க்கைப் பூட்டவும் என்னைப் பழக்கினார். நான் பிழையாகப் பூட்டியபோது சிரித்தார். நான் அவரைப் பார்த்தேன். சிரிப்பதை நிறுத்தினார்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கட்டிலிருந்து எடுத்துத் தந்தார். நான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். "ஒண்டாப் பிறந்தது ஒண்டாத்தான் நோகும்" என்று நீங்கள் சொல்வது எனக்கு நினைவிருந்தது. மற்றதை வேறு கடையில் வாங்கினேன். அளவு மட்டும் ஒன்று. சோடியில் ஒன்று பெரிதாக இருந்தும் பிரயோசனமில்லை, சின்னதற்கு எவ்வளவு இடமோ அவ்வளவுதான் கிடைக்கும். இதை எனக்கு நீங்கள் விளக்கியது களப்போரத்தில் நடக்கும்போது. "நம்மட நடை மாதிரித்தான். ஒங்கட முழங்கால் எவ்வளவு போகுமோ, அவ்வளவுதான் ரெண்டு பேரும்." இப்போது பெட்டகம் சோடி குலைந்து ஒற்றையில் ஓடுகிறது என்று சொன்னதும் ரிஸானா என் கையைப் பிடித்தாள். டிஸ்க்கைத்தான் சொல்கிறேன் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

கட்டாரிலிருந்து நம் மகள் கோல் எடுத்தாள்.

"உம்மா, இந்தக் கஷ்டமெல்லாம் எதுக்கு? க்ளவுட்டில போடுங்க."

"அது எங்க இருக்கு?"

"எங்கயோ இருக்கு உம்மா."

"எங்கயோ இருக்கிறத்துக்கு நான் எப்படித் திரை போடுறது?"

பிறகு, "அப்ப ஒண்டு செய்ங்க. டிஸ்க்க மாத்த முந்தி மேல்தட்டில ஒரு கொப்பி எடுத்து வைங்க. அந்த டிஸ்க் ரெண்டும் பெரிசு, பாதிக்கு மேல சும்மாதானே கிடக்கு. ஆம்பளைகள் சாப்பிட்டிட்டு எழும்பிப் போற படம்தானே" என்றாள்.

அவள் சொன்னது சரி. டிஸ்க்கை மாற்றி, பழையதிலிருந்து புதியதற்கு எல்லாம் ஏறி முடியும்வரை, இருக்கும் ஒற்றை டிஸ்க்தான் எல்லாவற்றையும் தாங்கவேண்டும். அந்த நேரத்தில் அது விழுந்தால் வேறொரு பிரதி இருக்கவேண்டும். ஆனால் மேல்தட்டு உங்கள் பக்கம். அத்தனை வருடமும் துவாயால் மூடிக் காத்த ஒன்றை நான் திரைக்கு அங்காலே கொண்டுபோவதா? ரிஸானாவிடமே கேட்டேன். அவளுடைய உம்மா அவர், தீர்ப்பும் அவளுடையது.

"பூட்டித்தானே வைப்பீங்க மாமி?"

"பூட்டித்தான். திறப்பு என்னட்ட."

"மழை வந்த அண்டைக்கு எல்லாப் பொம்புளைகளையும் ஆம்பளப் பக்கத்துக்கு மாத்தினாங்கதானே, ஆம்பளைகளை வெளியில நிக்கச் சொல்லி. என்ட கல்யாணத்திலயே அப்படித்தானே. மாமாதான் முதல்ல வெளியில போனவர்."

எனக்கு அது மறந்துபோயிருந்தது. பந்தல் ஒழுகிய அன்று நீங்கள் நனைந்துகொண்டு கெமராவைச் சாரத்துக்குள் மறைத்துக்கொண்டு நின்றீர்கள். பெண்கள் உங்கள் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். அதன்பின் எனக்கு யோசிக்க ஒன்றுமிருக்கவில்லை. கீழ்த்தட்டு முழுவதையும் பூட்டிய கோப்பாக மேல்தட்டில் இறக்கிவைத்தேன்.

விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுத் தொடங்கினேன். கொன்வென்ட்டில் தையல் சொல்லித்தந்த சிஸ்டர் ஒரு தையல் பிழைத்தாலும் முழுவதையும் பிரிக்கச் செய்வார். இங்கே பிரித்துத் தைக்க இடமில்லை. நோயான டிஸ்க் எது என்று விளக்கையும் பார்த்து, அதன் இலக்கத்தையும் பார்த்து, மறுபடி விளக்கைப் பார்த்து இழுத்தேன். புதியதைப் பூட்டினேன். பெட்டகம் ஒரு தடவை இருமுவதுபோலச் சத்தமிட்டு ஏற்றத் தொடங்கியது. நான் தஸ்பீஹ் மணியோடு பக்கத்தில் இருந்தேன். பின்னேரம் அசர் தொழும் நேரத்துக்கு மின்சாரம் போனது. பெட்டகத்தோடு இணைத்த பற்றரி கூவியது. அதன் கூவல் நிற்குமுன் மின்சாரம் வரவில்லையென்றால் பெட்டகத்தை நானே ஒழுங்காக நிறுத்தவேண்டும். விரல் பொத்தானில் இருந்தபோது விசிறி சுற்றியது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் மற்றதையும் அப்படியே மாற்றினேன். இரண்டும் ஒன்றானபின் இடத்தைப் பெருப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கீழ்த்தட்டு விரிந்தது. மேல்தட்டில் வைத்த பிரதியைத் துடைத்தேன். உங்கள் பக்கம் உங்களிடம் திரும்பிவிட்டது.

எல்லாம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் விடுகிறவள் நானல்ல. ரிஸானாவின் நாடாவைத் திறந்தேன். படம் இருட்டாக இருந்தது. கெமரா மூடியைக் கழற்றியிருக்கவில்லைபோலும். அந்த இருட்டுக்குள்ளிருந்து நீங்கள் கேட்டீர்கள்.

"அங்கால லைட் காணுமா?"

"கொஞ்சம் பொறுங்களன்," என்று எரிச்சலோடு ஒருத்தி சொன்னாள். அவளுடைய குரல் எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு மூடி கழன்றது. வெளிச்சம் வந்தது. ரிஸானாவின் உம்மா பால்பழக் கிண்ணத்தோடு நின்றார். "காணும்," என்றாள் கெமராவுக்குப் பின்னால் நின்ற அந்த ஒருத்தி.

இத்தனை வருடத்தில் நீங்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் இதை ஓடவிட்டீர்கள். உங்கள் குரல் ஒவ்வொன்றின் வாசலிலும் நிற்பதை நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

ரிஸானா மகளோடு வந்தாள். பேத்தி உம்மும்மாவைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பிடிக்கும் கை தன்னுடைய கை போலவே இருக்கிறது என்று தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். தாயும் மகளும் அழுதார்கள். நான் தேநீர் ஊற்றினேன். போகும்போது பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு ரிஸானா கேட்டாள்.

"மாமி, முந்தி நீங்க தந்த சீடியில மாமாட சத்தம் இல்லயே. இந்த முறை வெட்டயில்லயா?"

"இல்ல."

"ஏன் மாமி?"

"இப்ப இடமிருக்கு," என்றேன்.