முதலாளிக்கும் மசியாத பெட்டி

ஜூன் 9, 2008, திங்கள்
காலையிலிருந்து பேய்க்காற்று. கொடியில் போட்ட சுடிதார் பக்கத்து வீட்டு மாடியில்.

சாயப்பட்டறைக்கு டேட்டா லாகர், அதாவது தொட்டியின் சூட்டையும் நேரத்தையும் தானே பதியும் பெட்டி, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில். துணி வாங்கும் பையர் அனுப்பிய ஆள் எங்கள் சூட்டுத் தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். எல்லா நாளும் ஒரே அறுபது டிகிரி, ஒரே பேனா! சாயம் போடும் ஜோசப் மாஸ்டர் சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே மொத்தமாக எழுதுவதுதான் வழக்கம். யாரும் கைவைக்க முடியாத பதிவு வரும் திங்களுக்குள் வேண்டுமாம். இல்லாவிட்டால் ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாவிட்டால் லேபில் எனக்கு என்ன வேலை?

ஜூன் 11, புதன்
பல் வலி. கிராம்பு.

சோதனைக்கு இரண்டு பெட்டிகள். முதலாவதில் பதிந்ததை யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் திறந்து திருத்தலாம். இரண்டாவதில் எந்தத் தொட்டி, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை, யாருக்கு எந்த பாஸ்வேர்டு, எல்லாம் நாமே அமைக்கலாம். ஆனால் பதிந்தது பதிந்ததுதான். எனக்கு இதுதான் பிடித்தது. முதலாளிக்கு முதலாவது.

"எதுக்கு அம்மிணி இத்தன பூட்டு? நம்ம பட்டறைல திருடனா இருக்கான்?"

ஜூன் 13, வெள்ளி
இரண்டையும் ஒரே மெஷினில் மாட்டியாயிற்று. பத்தரைக்கு முன் பூஜை போட்டு ஓட்டுவதாகத் திட்டம். பூமாலை வந்து சேரவில்லை. ஈரத்துணி காத்திருக்குமா? மாஸ்டர் ஓட விட்டுவிட்டார். முதல் பதிவு 10.41. அசல் ராகு காலம்!

தேங்காயும் கையுமாக முதலாளி. "ஏனுங்க மாஸ்டர், உங்களுக்குக் கொஞ்சமாச்சும்..." பிறகு என்னிடம், "அம்மிணி, பத்து இருபதுன்னு மாத்தீரு."

முதல் பெட்டி சொன்னபடி கேட்டது. இரண்டாவதில் அவரே தன் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம். மறுபடி. மறுபடி. சிரிப்பை அடக்க முடியாமல் லேபுக்கு ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தால், இரண்டாவதற்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். "எனக்கே மசிய மாட்டீங்குது. வேற எவனுக்கு மசியும்? இதையே வெச்சுக்கலாம்."

"திரை மேலயே வெச்சுட்டீங்களே, நம்பர் தெரியலீங்க," என்றார் மாஸ்டர்.

அப்பாடா, ஜெயித்தேன்!

ஜூன் 16, திங்கள்
தூறல்.

பையரின் ஆள் வந்தார். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே மூன்று வரி: நேரத்தை மாற்ற முயற்சி, முதலாளி, மறுக்கப்பட்டது. தொட்டால் அதையும் பதியுமா! மானுவலை முழுதாகப் படிக்காத மண்டு நான். முதலாளி முகம் சிவப்புச் சாயத் தொட்டியாகிவிட்டது.

"என்ன சார் இது?"

"ராகு காலமுங்க," என்றார் முதலாளி. பொய் எதுவும் தோன்றவில்லை பாவம்.

வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓனரே முட்டிப் பார்த்தும் அசையலன்னா, எனக்கு வேற என்ன சார் வேணும்?"

கையெழுத்து! ஆர்டர்! மாஸ்டர் பட்டறை முழுக்க லட்டு கொடுத்தார். பல் வலியோடு இரண்டு தின்றேன்.

மத்தியானம் முதலாளி லேபுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, அந்த மூணு வரிய மட்டும்..."

"அழிக்க முடியாதுங்க!"