டியூட்டி சார்ட்

ஜூலை 8

அன்பு அக்காவுக்கு,

ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணினால் அம்மா உன் பக்கத்தில் நின்று ஒட்டுக் கேட்பாள், அதனால்தான் கடிதம். ஆசைப்பட்டது மருத்துவம், கிடைத்தது கம்ப்யூட்டர். லேபில் திரையைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கத் திருதிருவென்று முழிக்கிறேன். வாத்தியார் சொல்வது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடேன்.

உன் வாலு

ஜூலை 20

அன்பு வாலுவுக்கு,

அழுமூஞ்சி, கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இரு. நான் மட்டும் ஆசைப்பட்டா ஆஸ்பத்திரி ஆபீஸில் வந்து உட்கார்ந்தேன்? இத்தனை நர்ஸுகளில் யாருக்குப் பகல், யாருக்கு இரவு என்று மாதாமாதம் டியூட்டி சார்ட் போட்டுத் தலை சுற்றியது. இப்போது அதுதான் என் ராஜ்ஜியம். தலைமை நர்ஸே என் மேஜைக்கு வந்து, "கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று குழைவார். உனக்கும் பிடித்துப்போகும், பார்.

அன்புடன் அக்கா

ஜனவரி 30

அன்பு அக்காவுக்கு,

ஒன்றரை வருஷம் கழித்து, இந்த இரண்டாம் வருஷத்தில் பிடித்தேவிட்டது! நானே எழுதிய புரோகிராம் சரியாக ஓடியதும் லேபில் கத்திவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டு மணி அடித்தால்கூடக் காதில் விழுவதில்லை.

புராஜெக்டுக்கு யாராவது நிஜமாகச் செய்கிற வேலையை எடுக்கச் சொல்கிறார்கள். உன் சார்ட்டை எடுக்கட்டுமா? எப்படிப் போடுகிறாய், திடீரென்று ஒருத்தி லீவு கேட்டால் என்ன செய்வாய், ஒன்று விடாமல் எழுது.

உன் வாலு

பிப்ரவரி 12

என் செல்ல வாலுவுக்கு,

என் வேலையைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கைக்குழந்தைக்காரிக்கு இரவு போடக் கூடாது, சண்டை போட்ட இரண்டு பேரை ஒரே வார்டில் விடக் கூடாது, எல்லாம் இருக்கிறது. கை வலித்தாலும் மனசு நிறைந்திருக்கிறது. ஜமாய்.

அன்புடன் அக்கா

ஆகஸ்ட் 5

அக்கா,

உன்னை மருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்களாமே. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நீ ஏன் சொல்லவில்லை? உங்கள் ஆஸ்பத்திரியில் புராஜெக்டைக் காட்டலாம் என்று வாத்தியார் சொன்னபோது, உனக்குத்தான் நல்ல பெயர் வரும் என்று தலையாட்டினேன். இனி என் புரோகிராமே சார்ட் போடட்டும் என்று உன் மேஜையையே எடுத்துவிடுவார்கள் எனச் சத்தியமாக நினைக்கவில்லை. திட்டியாவது எழுது.

இன்னொன்று, உன்னிடம் மறைக்க முடியவில்லை. இவ்வளவு நடந்தும் எனக்கு இந்தப் படிப்பின்மேல் ஆசை குறையவில்லை. என்னைப் பார்த்தே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஸ்டோரில் உனக்கு என்ன வேலை? எப்படிச் செய்கிறாய்? விவரமாக எழுது.

உன் வாலு

ஆகஸ்ட் 19

வாலுவுக்கு,

உன் சார்ட்டில் குறை ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் லீவு சமமாக வருகிறது, நான் போட்டபோதுகூட அப்படி வந்ததில்லை. நர்ஸுகளுக்குச் சந்தோஷம். தலைமை நர்ஸ் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், நிற்பதில்லை.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. உன் ஆசையை விட்டுவிடாதே, அதையும் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. உன் நீலப் போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன். லீவுக்கு வா, என் பக்கத்திலேயே படுத்துக்கொள், விடிய விடியப் பேசலாம்.

ஸ்டோரில் நான் எப்படி வேலை செய்கிறேன் என்று மட்டும் கேட்காதே. சொல்ல மாட்டேன்.

அக்கா