சம்பந்தியம்மாவோடு ஒரே சஹனில்

ஜெய்னம்புவின் வாப்பாவுக்கு,

காலையிலிருந்து நான் வாய் திறக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். பேசப் பேசத் தொண்டைத் தசை தளர்ந்துவிடுகிறது. சம்பந்தி வீட்டார் வரும் இரவுச் சாப்பாட்டுக்காக அதைச் சேர்த்துவைக்கிறேன்.

ரிக்‌ஷா பிடித்து என் கூடப்பிறந்த லாத்தா வீட்டுக்குத் தூங்கப் போகிறேன்; தூங்கி எழுந்தால் தசைக்குத் தெம்பு வரும். மக்ரிப் தொழுகைக்குள் வந்துவிடுவேன். சாவி அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

"சம்பந்தி வீட்டார் முன்னால பொரையேறினா மானம் போயிரும், நீ உள்ளயே இரு லா" என்றீர்களே, இருக்க மாட்டேன். சம்பந்தியம்மாவோடு ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டில் கை வைத்துத்தான் சாப்பிடுவேன். என் பக்கம் சோற்றைக் குழைத்து வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மூக்கில் ஏறுகிறது; கெட்டிக் கஞ்சி போதும்.

மைமூன்

முதுகுக்குத் தலையணை வேண்டும். நிமிர்ந்திருந்தால்தான் மூச்சு வருகிறது.

கோபமும் இருக்கிறது. அதற்கு நாளைக்குத் தொண்டையைச் சேர்த்துவைப்பேன்.