மூலை கேட்டில் விழுந்த இரண்டாவது ஆள்

என் பிரியமான தேவதாஸ் அண்ணனுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. விமானம் வந்து நிற்கும்போதெல்லாம், பின்னாலிருந்து என் இடுப்பு பெல்ட்டை ஒரு கை பிடிக்கும் என்று இப்போதும் ஒரு நொடி காத்திருக்கிறேன். யாரும் பிடிப்பதில்லை. இரைச்சலுக்குக் காதை அடைத்துக்கொண்டு அத்தனை பேர் நடுவில் தனியாக நிற்கிறேன். அறைக்குத் திரும்பினாலும் அதே கதைதான். சாலைக் கடைத்தெருவின் சத்தமெல்லாம் மாடிவரை ஏறி வருகிறது, அதில் ஒன்றுகூட எனக்கானது இல்லை.

சுற்றி வளைத்தால் "காரியத்தச் சொல்லுலே" என்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ஷீபா விழுந்துவிட்டாள்.

விமானத் தரைப்பணியில் உங்கள் இடத்துக்கு வந்தவள். வள்ளக்கடவுக்காரி, இரண்டு பிள்ளைகளின் தாய். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள், நான்தான் வேலையைப் பார்த்து நகர்ந்துவிடுவேன். போன வாரம் மதியம் மூலை கேட்டுக்கு எங்கள் விமானம் வந்து நின்றது. எஞ்சின் அணைந்தது. விமானத்தின் வயிற்றுக்கடியில் மின்னும் சிவப்பு விளக்கும் அணைந்தது. இனி பயமில்லை என்று இறக்கை நுனிக்குக் கீழே எச்சரிக்கைக் கூம்பு வைக்கப் போனாள். அதே நேரம் பக்கத்துக் கேட்டிலிருந்து புறப்பட்ட விமானம் வளைந்தது. நின்ற இடத்திலிருந்து நகர எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதலாக விசை கொடுப்பார்கள் அல்லவா, அந்தச் சூட்டுக் காற்று முழுவதும் வாலோடு சேர்ந்து எங்கள் பக்கம் திரும்பியது. காலி டிராலி தானாக உருண்டது. கூம்பு பறந்தது. ஷீபாவும் பறந்தாள்.

நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். அணைந்து கிடந்த எங்கள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் அண்ணே.

உங்களை உருட்டிக்கொண்டு போய் ஏணி வண்டியில் மோதவிட்டதும் அதே மூலை, அதே வளைவுதான். எழுந்து தூசியைத் தட்டிவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "எவனாச்சும் பாத்தானாலே?" என்பது. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தோளைத் தூக்க முடியவில்லை என்று தெரிந்தால் உங்களை உள்ளே விடமாட்டார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்க இரண்டு வாரம்தான் இருந்தது. "நீ வாயத் தெறக்கப்பிடாது" என்றீர்கள். திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதானே நாம் முதுகோடு முதுகாக நிற்க ஆரம்பித்தோம்? நான் வரும் விமானத்தைப் பார்ப்பேன், நீங்கள் பக்கத்துக் கேட்டைப் பார்ப்பீர்கள். விமான இரைச்சலில் காது கேட்காதே, அதனால் உங்கள் கை என் பெல்ட்டில் இருக்கும். ஓர் இழுப்பு இழுத்தால் நகராதே என்று பொருள். ஜோடிப் புறா என்று எல்லோரும் கேலி செய்தார்கள். நாம் சிரித்துவிட்டுப் போனோம். ஏன் அப்படி நிற்கிறோம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை, சொன்னால் நீங்கள் விழுந்த கதை வெளியே வந்துவிடும். நம் இரண்டு பேரை மட்டும் காப்பாற்றிக்கொண்டோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஷீபா கையில் கட்டோடு கிடந்தாள். "சேட்டா, நான் ஸ்ரத்திக்காம நின்னேனோ? ஆபீஸ்ல அப்படித்தான் எழுதப் போறாங்களாம். இதுக்கு முன்ன அங்க ஆரும் விழுந்ததில்லல்லோ" என்றாள். அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். நான் வாங்கிப்போன ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

உள்ளதைச் சொல்லப் பயந்தது என் வேலைக்காக மட்டும் இல்லை. விபத்தே இல்லாமல் பணி செய்ததாக உங்களுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்களே, மைனி அதை உங்கள் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். இப்போது அதன் பக்கத்திலேயே உங்கள் படமும் மாலையோடு இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் அது பொய்ப் பத்திரம். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாத மனிதரை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை பாறசாலைக்கு, உங்கள் வீட்டுக்கு பஸ் ஏறினேன். மைனி பால் விடாத கட்டன் சாயா தந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இதச் சொல்லவா இவ்வளவு வேர்க்குது?" என்றார் மைனி. "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. தோளு பலாப்பழம் மாதிரி வீங்கியிருக்கு, கேட்டா கட்டில்லருந்து விழுந்துட்டேங்காரு. எங்க வீட்டுல ஏது கட்டிலு? பாயில படுக்குற மனுசனுக்குப் பொய் சொல்லவும் தெரியல."

நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு மைனி எழுந்துபோய் அந்தப் பத்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். உங்கள் படம் மட்டும் நின்றது. "ஆபீஸ்ல அவரு பேர எழுதிக் குடுங்க. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு பிள்ளைய உண்டும்லா?"

படியிறங்கும்போது கூப்பிட்டார். "அவரு விழுந்தப்ப எண்ண தேச்சுவிட நான் இருந்தேன். ஒங்களுக்கு ஆரு இருக்கா தம்பி?"

பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பாதி வழி தாண்டி பாலராமபுரம் வரை அழுதேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். இந்த மூலையில் முதலில் விழுந்தவர் தேவதாஸ், மறைத்தவர்களில் நானும் ஒருவன் என்று எழுதினேன். அதிகாரி இரண்டு முறை படித்தார். "சாட்சி வேற ஆரு உண்டு?" என்று கேட்டார்.

"நான் மட்டும்தான் சார்" என்றேன். உங்கள் குழியில் மண் போட்டபோதுகூட எனக்கு விளங்காதது, அதைச் சொன்னபோதுதான் விளங்கியது. நீங்கள் இல்லை அண்ணே.

என் வேலை என்னாகுமோ தெரியாது. ஷீபாவைப் பற்றி எழுதவிருந்ததை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூலையில், பக்கத்து விமானம் வளைந்து போகும்வரை யாரும் தாண்டக்கூடாது என்று புதுக்கோடு போட்டிருக்கிறார்கள். நேற்று அங்கே போய் நின்று பார்த்தேன். நீங்கள் விழுந்த இடம் கோட்டுக்கு அந்தப் பக்கம், யாரும் போகக்கூடாத பக்கம் இருக்கிறது.

ஒரு வாக்கு தருகிறேன். என்னை வேலையில் வைத்திருந்தால், ஷீபா கட்டுப் பிரித்துத் திரும்பி வரும் நாளில் நாம் நின்ற விதத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிக்கொடுப்பேன், யார் சொல்லித் தந்தது என்றும் சொல்வேன். அவள் பெல்ட்டைப் பிடிக்க மாட்டேன், அடி விழும். தோளில் ஒரு தட்டுப் போதும். அவள் கூம்பு வைக்கப் போகும்போது நான் நீங்கள் நின்ற பக்கம் நிற்பேன், பக்கத்துக் கேட்டைப் பார்த்தபடி. என் முதுகுக்கு ஆளில்லை. அவள் முதுகுக்கு இருக்கும்.

நீங்கள் விடாமல் பிடித்திருந்த தம்பி,
தங்கராஜ்