பார்வையாளர் மணி

திருகோணமலை

அன்புள்ள அம்மாவுக்கு,

காய்ச்சல் முற்றாக விட்டது; நேற்றைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து டொக்டரே இன்று என்னை வேலைக்கு விட்டார். போனில் சொன்னால் அழுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் கால் வீக்கம் எப்படி?

நான்கு நாள் நான் வேலை செய்யும் வார்டிலேயே படுத்திருந்தேன். வெள்ளைக்காரர் கட்டிய இந்தக் கூரை இவ்வளவு உயரம் என்று அப்போதுதான் கண்டேன்.

ஒரு நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், எல்லாக் கட்டில்களையும் சுற்றி ஆட்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த மகளைப் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து வந்த தாய், "மிஸ்ஸிக்கு ஒருத்தரும் வரல்லையா?" என்று கேட்டு, என்னருகே உட்கார்ந்து தோடம்பழம் உரித்தார். அதற்குள் நேரம் முடிய, டியூட்டியில் நின்ற நிரோஜினி மணியை எடுத்தாள்.

"அஞ்சு நிமிசம் விடடி," என்றேன்.

"நீ நிண்டா நேரத்துக்கு முந்தியே அடிக்கிறனி எல்லே?"

உண்மைதான். ஆறு வருடமாக அப்படித்தான் அடித்தேன். அவள் சிரித்துக்கொண்டு பொறுத்துத்தான் அடித்தாள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால், போர்த்துப் படுக்க உங்கள் பழைய சேலை ஒன்று கொடுத்துவிடுங்கள்.

உங்களோடு இருக்க மன்னாருக்கு இடமாற்றம் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. "இஞ்ச நேர்ஸ்மார் குறைவு, சொல்ல ஏலாது பிள்ளை," என்கிறார் அலுவலக லிகிதர் பிரகலாதன். இடமாற்றப் பட்டியல் இந்த மாதம் இருபதாம் திகதி வருமாம். அதுவரை வீட்டில் என் கட்டிலைக் கழற்றி வைக்க வேண்டாம்.

அவசரமாக,
றஜிதா