அன்னமேரி வெளியே போயிருந்த நாட்கள்

இயேசு மரி சூசை துணை

சுனாபட்டி, மும்பை
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் ரீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம், அங்கே ஆக்லாந்துக் குளிர் உன் உடம்புக்குப் பழகிவிட்டது என்று கேள்விப்பட்டால் எங்களுக்கு நிம்மதி. அப்பா காலையில் நடக்கப் போகிறார், வரும்போது யாரிடமாவது சண்டை போட்டுவிட்டு வருகிறார், நம் சொசைட்டிக் கட்டடத்தை இடித்துக் கட்டுவதைப் பற்றித்தான், நீ பிளஸ் டூ படிக்கும்போது தொடங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை. மழை இந்த வருஷம் சீக்கிரமே விட்டுவிட்டது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும், அதனால் பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், கார்ப்பரேஷன் ஸ்கூலில் இரண்டாம் வகுப்புக்கு போர்டில் எழுதினது போல. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் பாதியிலேயே அழித்துவிடுவேன். இதை நீ தனியாக உட்கார்ந்து மெதுவாகப் படிக்க வேண்டும்.

போன ஞாயிறு நீ போனில், அம்மா, நானும் வயிற்றைக் குறைக்கிற ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டேன், உனக்குச் செய்ததுதான், அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், யாரும் வர வேண்டாம், நான் தனியாகவே பார்த்துக்கொள்வேன் என்று சொன்னாய் அல்லவா. அதிலிருந்து எனக்கு நினைப்பெல்லாம் அங்கேதான். நான் தடுக்கவில்லை. உன் முழங்கால், உன் சர்க்கரை, உன் மூச்சு எல்லாம் என்னிடமிருந்து வந்தது, ஆபரேஷனால் எனக்குக் கிடைத்ததை உனக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு நான் லோக்கல் ரயிலில் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிறேன், இன்சுலின் ஊசி இல்லை. ஆனால் தனியாகப் பார்த்துக்கொள்வேன் என்றாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். மழைக்காலத்தில் அம்மாவுக்கு வைரல் காய்ச்சல், ஒரு வாரம் ஆஸ்பத்திரி என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது காய்ச்சல் இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒரு வாழைக்காய் அளவுக்கு மிச்சம் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை செம்பூரில் அந்த ஆஸ்பத்திரியின் மாடி ஹாலுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் எல்லாரும் அங்கே கூடுவோம், மராட்டிக்காரர், குஜராத்திக்காரர், நம் தாராவி ஆட்கள் என்று எல்லாரும், பேச்சு இந்தியில்தான். யாரையும் பார்த்து, நன்றாக இளைத்துவிட்டாய் என்று சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். என்ன சாப்பிட்டாய், தங்கியதா என்றுதான் கேட்க வேண்டும். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற டயட்டீஷியன் ஸ்மிதா மேடம் நடுவில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதில் சொல்லும். அங்கேதான் எனக்கு சுலைகா பழக்கமானாள். தாராவிப் பிள்ளைதான், பூர்வீகம் நம் திருநெல்வேலிப் பக்கம், எனக்கு நான்கு வருஷம் முந்தி ஆபரேஷன் செய்துகொண்டவள். முதல் நாளே பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிற சின்ன ஸ்பூன் ஒன்றை என் கையில் கொடுத்து, "யக்கா, இனிமே இதுதான் உங்க கரண்டி" என்றாள்.

இரண்டு மாதம் ஒரு குறையுமில்லை. பிறகு மழை பிடித்தது, தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றதில் ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போக முடியவில்லை. அந்த வாரம்தான் இட்லி ஒரு வாய் நெஞ்சில் நின்று வாந்தியாக வந்தது. மறுநாள் கஞ்சியும் வந்தது, அப்புறம் தண்ணீர், அப்புறம் வைட்டமின் மாத்திரை. ஆபரேஷன் செய்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அப்பாவும் சொன்னார். நாள் போகப் போக அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டது ரீனா, எழுந்தால் வாந்தி, முகம் கழுவிவிட்டு அடுத்த வேலை. உடம்பு மளமளவென்று இறங்கியது. கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னமா அழகாகிவிட்டாய், கல்யாணப் பொண்ணு போல இருக்கிறாய் என்றார்கள். எங்கள் கூட்டத்து வாட்ஸப் குரூப்பில் சுலைகா எப்படி இருக்கீங்க என்று கேட்டதற்கு நான் ஒரு கும்பிடு பொம்மை போட்டேன். அது எனக்கு நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததை இரண்டு விதமாகத்தான் எழுத முடியும். எனக்கு நினைவிருப்பது ஒன்று, மற்றவர்கள் பார்த்தது ஒன்று.

எனக்கு நினைவிருப்பது இது. தரை லேசாக ஆட ஆரம்பித்தது, படகில் நிற்பது போல, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போவேன். ஒரு மத்தியானம் வெளியே நல்ல வெளிச்சம், அப்பா கடைக்குப் போய்விட்டுக் கதவைத் திறந்து வந்தார். கூடவே இன்னொரு அப்பாவும் வந்தார். அதே சட்டை, அதே பை, ஒரு கை அகலம் தள்ளி, கொஞ்சம் தாழ. அப்பா திரும்பினால் அவரும் திரும்பினார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார். எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்த ஆளைக் கவனிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தேன். அப்பா, "ஏ அன்னம், இது யாருக்கு?" என்று கேட்டார். "உங்க பக்கத்துல இருக்காருல்லா, அவருக்குத்தான்" என்றேன். அப்பா தன் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்த டீயை அவர் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை, சாயங்காலம் வரை அங்கேயே இருந்தது.

மற்றவர்கள் பார்த்ததை அப்பா பிறகு சொன்னார். நான் படுக்கையை விட்டு எழாத நாளில், காலையில் தாதர் மார்க்கெட்டுக்குப் போய் வந்ததாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். சங்கரா மீன் என்ன விலை, எந்தப் பிளாட்ஃபாரத்தில் இறங்கினேன், வழியில் யாரைப் பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு பேச்சுக்கு, மீன் எங்கே என்று கேட்டதற்கு, இப்பத்தானே நீங்க சாப்பிட்டீங்க என்றேனாம். நான் வழியில் பார்த்ததாகச் சொன்னது பெரிய சித்தியை. அவள் இறந்து எத்தனை காலம் ஆகிறது என்று உனக்கே தெரியும். குரல் மாறவில்லை, கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்ததாம், அறைக்குள் யாரோ நடப்பதைப் பார்ப்பது போல. அப்பா பயந்துபோய் மூலைக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்துவிட்டு மதலேனாளைக் கூட்டி வந்துவிட்டார், நம் ஜெபக்குழுவை நடத்துகிறவள்தான், உன் உறுதிபூசுதலுக்கு முத்துமாலை கொடுத்தாளே.

மதலேனாளும் இன்னும் இரண்டு பேரும் வந்து என் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபமாலை சொல்லியிருக்கிறார்கள். நானும் கூடவே அருள் நிறைந்த மரியே சொன்னேனாம், ஒரு வார்த்தை தப்பாமல். மதலேனாளுக்கு என்ன தோன்றியதோ, ஜெபத்தை நிறுத்திவிட்டு என் முகத்துக்கு நேரே குனிந்து, "நீ யாரு?" என்று கேட்டிருக்கிறாள். நான் ரொம்ப மரியாதையாக, "அன்னமேரி வெளிய போயிருக்கா. இப்ப வந்துருவா. நீங்க உக்காருங்க, டீ போடுதேன்" என்று சொன்னேனாம்.

அதைக் கேட்டதும் கூட வந்தவர்களில் ஒருத்தி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். இது உடம்பு சம்பந்தப்பட்டது இல்லை, ஃபாதரை அழைக்க வேண்டும் என்று மதலேனாள் சொல்லிவிட்டாள். தெருமுனை டாக்டர் மட்டும் வந்து பார்த்து, சாப்பாடு இல்லாத மயக்கம், சாயங்காலம் ஆள் அனுப்பி வீட்டிலேயே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அப்பா ஃபாதருக்கா, பாட்டிலுக்கா எதற்குக் காத்திருப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் சுலைகா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நான் கூட்டத்துக்கும் வரவில்லை, கேள்வி கேட்டால் பொம்மைதான் வருகிறது, பேச்சு வரவில்லை என்று தாராவியிலிருந்து மழையில் நனைந்துகொண்டு பார்க்க வந்திருக்கிறாள். வந்தவள் கூட்டத்தைப் பார்த்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அண்ணே, அக்காவுக்கு எவ்வளவு நாளா வாந்தி?" என்று கேட்டிருக்கிறாள். ஆபரேஷன் பண்ணினவங்களுக்கு வாரதுதானே என்று அப்பா சொன்னதற்கு, "வரக்கூடாததுண்ணே" என்று சொல்லிக்கொண்டே ஸ்மிதா மேடத்துக்கு வீடியோ போட்டு என் கண்ணுக்கு நேரே போனைப் பிடித்திருக்கிறாள். அவள் விரலை என்னைப் பார்க்கச் சொன்னார்கள், என் கண் விரலோடு போகவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார்கள், நிற்க முடியவில்லை. ஸ்மிதா மேடம் ஒரே மூச்சில் சொன்னதாம், இப்போதே கிளம்புங்கள், நான் டாக்டரை வாசலில் நிற்க வைக்கிறேன், ஒன்று மட்டும், வைட்டமின் ஊசி போடுவதற்கு முன்னால் யாரும் ஒரு சொட்டு குளுக்கோஸ் ஏற்றக் கூடாது.

மதலேனாள் தடுத்திருக்கிறாள், ஜெபம் பாதியில் இருக்கிறது, முடியட்டும் என்று. சுலைகா என் செருப்பைத் தேடிக்கொண்டே, "டாக்ஸிலயும் ஜெபம் பண்ணலாம்லாக்கா, நீங்களும் ஏறுங்க" என்றாளாம். மதலேனாள் ஏறினாள். வழியில் டிராஃபிக்கில் நின்றபோது ஒரு பக்கம் அவள் ஜெபமாலை, மறுபக்கம் சுலைகா வாய்க்குள் ஓதிக்கொண்டு, நடுவில் நான் டிரைவரிடம் இந்தியில் நம் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிற கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேனாம். அப்பா முன் சீட்டில் அழுதுகொண்டிருந்தார் என்று சுலைகா சொன்னாள், அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பி ஒன்று என்று ஒரு வைட்டமின் ரீனா. வாந்தியில் அது உடம்பில் இல்லாமல் போனால் கண் ஓடும், கால் தள்ளாடும், புத்தி கலங்கும், மறந்துபோன இடத்தை மூளை தானே கதை கட்டி நிரப்பிக்கொள்ளும், அது பொய் சொல்வது இல்லை, சொல்கிறவருக்கு அது நிஜம். அந்த நிலைமையில் குளுக்கோஸை முதலில் ஏற்றினால் மிச்சமிருக்கிற வைட்டமினும் தீர்ந்து நிலைமை மோசமாகியிருக்கும் என்றார் டாக்டர். ஊசி போட்டு மறுநாள் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், இரண்டு பேராகத்தான் இருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, சாயங்காலத்துக்குள் ஒரே ஆளாகிவிட்டார். உள்ளே சுருங்கி அடைத்திருந்த வயிற்றுப் பாதையையும் டியூப் விட்டு விரித்துவிட்டார்கள். இப்போது சாப்பாடு தங்குகிறது. படியில் இறங்கும்போது மட்டும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன், சில பெயர்கள் வருவதற்கு நேரமாகிறது.

இதுவரை எழுதியதையெல்லாம் நடந்ததுதானா என்று அப்பாவிடமும் சுலைகாவிடமும் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். அடுத்து எழுதுவதை அவர்களிடம் கேட்கவில்லை. அந்த நாட்களில் நீ வந்திருந்தாய். உன் கால் மழையில் நனைந்திருந்தது, தரையில் ஈரத் தடம் இருந்தது, நீ என் கட்டிலில் உட்கார்ந்து என் தலையைச் சீவிவிட்டாய். சீப்பில் முடி கொத்தாக வந்ததை எனக்குத் தெரியாமல் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாய். பிறகு மெதுவாக, அம்மா எனக்கும் வெட்டப்போறாங்க, எனக்குப் பயமா இருக்கு என்றாய். நீ ஆக்லாந்தில் இருந்தாய், எனக்குத் தெரியும். போன ஞாயிறு நீ ஆபரேஷன் என்றதும், இதை முன்பே கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. ஸ்மிதா மேடத்திடம் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். பிறகு கேட்ட பேச்சைப் பழைய நினைவுக்குள் மூளை செருகிவைப்பது உண்டு என்று மேடம் சொன்னது. அப்படியே இருக்கட்டும். ஆனால் போனில் நீ பயம் என்ற வார்த்தையைச் சொல்லவே இல்லை, அதை நான் உன்னிடம் கேட்க வேண்டும் என்றிருக்கிறேன். பயமாக இருக்கிறதா ரீனா? இருந்தால் சொல்லிவிடு.

நேற்று கூட்டத்துக்குப் போயிருந்தேன். தாணேயிலிருந்து ஒரு மனிதர் புதிதாக வந்திருந்தார், பேங்கில் வேலை, ஆபரேஷன் ஆகி சில வாரம்தான். தங்குகிறதா என்று கேட்டேன், எல்லாம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் வாந்தி, அது சகஜம்தானே என்று சிரித்தார். நானும் இப்படித்தான் சிரித்தேனாம். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், ஸ்மிதா மேடம் பேசி முடிக்கும்வரை விடவில்லை, அவர் சங்கடப்பட்டார், படட்டும் என்று இருந்தேன். அன்றைக்கே ஊசி போட்டுத்தான் அனுப்பினார்கள்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தேதிக்கு முன்னாலேயே அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இப்படிக் கூட்டம் இருக்கிறதா என்று கேள், இருக்கும், போய் உட்கார், உன் வீட்டு அட்ரஸை அங்கே ஒருவருக்காவது கொடு. புத்தி தடுமாறும்போது தடுமாறுகிறது என்று உனக்கே தெரியாது, உன் கண்ணைப் பார்த்துச் சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள் கிடைக்கும்வரை தேதியைத் தள்ளிப் போடு. அப்பாவிடம் இன்று சாயங்காலம் சொல்லப்போகிறேன், கோபப்படாதே. அவர் கத்துவார், பிறகு பாஸ்போர்ட்டைத் தேடுவார். நானும் வருகிறேன், இந்த முறை நிஜமாக.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உன் கையும் காலும் கண்ணும் புத்தியும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருக்கட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காதே, மாத்திரையை மறக்காதே, வாந்தி இரண்டாவது நாளும் வந்தால் எனக்கு அல்ல, முதலில் அவர்களுக்குப் போன் செய்.

உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும்
அம்மா
ம. அன்னமேரி