ஏணிகளைத் திரும்ப வாங்குவது

அன்பு மகளுக்கு,

எழுதப்போவது இவை:
1. நம் பட்டறையில் செய்து விற்ற ஏணிகளைத் திரும்ப வாங்குவதே சரி.
2. தொழிலாளர்கள் அதை எதிர்ப்பார்கள்.
3. ஆகவேதான் நேற்றுக் கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை.

முதலாவது, நேற்றுக் கூட்டத்தில் நீ சொன்னதுதான்; நியாயம் உன் பக்கம். ஒவ்வொரு ஏணியிலும் ஏறி நின்று பார்த்து முத்திரை குத்தியவன் நான். என்னைத் தாங்கிய ஏணிகளில் மூன்று, வாங்கியவர்கள் ஏறியதும் படி கழன்றுவிட்டன. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடியில்லை.

அதே கூட்டத்தில் உன் சித்தப்பா, "பழசைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்தா புது வேலை நின்னுடும். ஆளுங்க வயித்துல அடிக்காதீங்க" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தொழிலாளர்களை நினைத்தா, என் முத்திரையை நினைத்தா என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

இதுவரை எழுதியிருந்தபோது மூத்த வெல்டர் அறைக்குள் வந்தார்.

"காத்தடிச்சாப் பறக்குற ஆளு சார் நீங்க. நீங்க ஏறினா எது உடையும்? படியைப் பத்தவெச்சது நாங்க. என் மச்சான் பெயிண்டர், தினம் நம்ம ஏணியிலதான் நிக்கிறான். எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாங்க. லீவு நாள்லயும் வந்து சரிபண்றோம்னு எல்லாரும் பேசிட்டோம்."

நாளைக் கூட்டத்தில் முதலில் நானே எழுந்து பேசுகிறேன்.

இரண்டாவதாக எழுதியது தவறு, அம்மா. அவர்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் எழுதிவிட்டேன்.

உன் அப்பா